கெளுத்தி குத்திய கை

பஸ்ஸுக்காக நிற்கும்போது, டீ ஆறுவதற்காகக் காத்திருக்கும்போது, சூப்பர்வைசர் திட்டிக்கொண்டிருக்கும்போது, அக்கா தன் வலது கட்டைவிரலால் இடது உள்ளங்கையின் நடுவில் ஓர் அழுத்து அழுத்துவாள். முகம் லேசாகச் சுளிக்கும். பிறகு தனக்குத்தானே தலையை ஆட்டிக்கொள்வாள். பார்ப்பவர்கள் கைவலி என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்து, தைலம் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி நெற்றியில் தடவிக்கொண்டு, "சோக்கா வாசனை அடிக்குதுடி" என்றாள். கைக்குத் தடவவில்லை.

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "எம் பேரு இன்னாத்துக்குடி ஊர் முழுக்க?" என்று கேட்கக்கூடியவள். புதுவாயலில் நாங்கள் தங்கியிருந்த மாடி அறையில் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிட மூத்தவளான வீட்டுக்கார அம்மாகூடக் கீழேயிருந்து "அக்காவை வரச் சொல்லு" என்றுதான் குரல் கொடுப்பாள். எனக்கு அப்போதே முப்பது தாண்டியிருந்தது. அவள் என்னைவிடச் சில வயதுதான் பெரியவள். எங்கள் வீடு ஊத்துக்கோட்டைப் பக்கம், நெல் போடும் குடும்பம். என் கல்யாணப் பேச்சை எடுத்தவர்கள் எல்லோரும் களைத்துப்போய் உட்கார்ந்த பிறகு, நான் வேலைக்குப் போகிறேன் என்றபோது யாரும் தடுக்கவில்லை. தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனி. கார்களுக்குள்ளே ஓடும் வயர்களைக் கட்டாகச் சேர்த்து, டேப் சுற்றி, முனையில் கனெக்டர் சொருகுவது வேலை. அக்கா எனக்கு முன்பே அங்கே இருந்தாள். ஒரே லைன், ஒரே ஷிஃப்ட், ஒரே அறை. பக்கத்துப் பக்கத்துப் பாய்.

நைட் ஷிஃப்ட் வாரத்தில், ஊரே குளித்துப் பொட்டு வைத்துக் கிளம்புகிற நேரத்துக்குக் கம்பெனி பஸ் எங்களை இறக்கிவிடும். நாஷ்டா முடித்து, ஜன்னலில் அட்டைப் பெட்டியைப் பிரித்துச் சொருகி, எங்களுக்கான இருட்டை நாங்களே செய்துகொண்டு படுப்போம். அட்டை சொருகுவது அக்காவின் வேலை. வேறு யாராவது சொருகினால் எழுந்து போய் எடுத்துவிட்டுத் திரும்பச் சொருகுவாள். மற்றவர்கள் தூங்கி விழுவார்கள். அவள் தூங்கப் போவாள். புடவையை உதறிக் கட்டிக்கொண்டு, தலை வாரி, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பாள். "இன்னாக்கா, கல்யாணத்துக்கா போற?" என்று கேட்பேன். "போற எடத்துல நாலு பேரு பார்ப்பாங்க இல்ல" என்பாள். கிண்டல் என்று நினைத்து நானும் சிரித்துக்கொள்வேன்.

முதல் நைட் ஷிஃப்ட் வாரத்திலேயே எனக்கு அது வந்தது. நல்ல வெயில் நேரம். கீழே குக்கர் விசில் அடிக்கிறது, ரோட்டில் லாரி ஹாரன் கேட்கிறது. கண் திறந்திருக்கிறது, அட்டையின் ஓட்டை வழியாக விழும் வெளிச்சப் பொட்டு சுவரில் தெரிகிறது. ஆனால் கையைத் தூக்க முடியவில்லை. நாக்கு புரளவில்லை. நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். கதவோரத்தில், தலையைத் திருப்பினால்தான் பார்க்க முடியும் என்கிற இடத்தில், ஓர் ஆள் நிற்கிறார். கத்துகிறேன். சத்தம் வரவில்லை. செத்துப்போய்விட்டேன் என்றே முடிவுகட்டிவிட்டேன்.

பிறகு ஏதோ அறுந்தது போல எழுந்து உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அறையிலிருந்த இன்னொரு பெண், "அமுக்குவான் பேய்தான் அது" என்று சொல்லிவிட்டுத் தன் பாயை என்னிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கார அம்மா எலுமிச்சம்பழத்தோடும் துடைப்பத்தோடும் படியேறி வந்து, "இந்த ரூமுல இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இருந்ததில்ல கண்ணு" என்று கண் கலங்கினாள். வாடகைக்கு ஆள் வராமல் போய்விடுமே என்கிற கலக்கம் அது.

அக்கா மட்டும் கொட்டாவி விட்டாள். "பேயாவது! ராத்திரி முழுக்க அதுவும் ஷிஃப்டு பார்த்துட்டு, பகல்ல புதுவாயல் வந்து உன் மேல குந்திக்கினு கீதாடி?"

"நெஞ்சு மேல உக்காந்திருந்துதுக்கா. சத்தியமா."

"நீ முழிச்சிக்கின, ஒடம்பு இன்னும் முழிச்சிக்கல. மெயின்ல கரண்ட் வந்துட்ச்சி, கைகாலுக்குப் போற கனெக்டரை இன்னும் சொருவல. அவ்ளோதான். நீ ஒதறினா பயம்தான் ஜாஸ்தியாவும். மூச்சை மெதுவா உடு. கால் கட்டைவெரலை மட்டும் ஆட்டப் பாரு. ஒரு வெரல் ஆடிட்ச்சின்னா மீதியெல்லாம் பின்னாடியே வந்துடும்."

"அப்ப கதவாண்ட நின்னது?"

"அது பாதிக் கனவு. கண்ணு ரூமைப் பார்த்துகினு கீது, மண்டை இன்னும் கனவை உடல. எனக்கும் வருவாரு. எங்க பழைய சூப்பர்வைசரு மாரியே தொப்பி போட்டுகினு வருவாரு. வந்து நிக்கிறதோட சரி, ஒரு வேலையும் செய்ய மாட்டாரு."

அழுதுகொண்டே சிரித்தேன். எலுமிச்சம்பழத்தை அக்கா சாதத்துக்குப் பிழிந்துவிட்டாள்.

நான் எதையும் சட்டென்று நம்புகிறவள் இல்லை. கம்பெனி மருத்துவ அறையில் இருந்த நர்ஸிடம் போய்க் கேட்டேன். அக்காவும் கூட வந்தாள். நர்ஸ் பொறுமையானவர். கனவு காணும் நேரத்தில் கைகால் அசையாமல் இருக்க உடம்பே ஒரு பூட்டுப் போட்டுக்கொள்ளும், அந்தப் பூட்டுத் திறப்பதற்கு முன்னால் நினைவு வந்துவிட்டால் இப்படி ஆகும், ஷிஃப்ட் மாறி மாறித் தூக்கம் கெடுகிறவர்களுக்கு அதிகம் வரும், மல்லாந்து படுக்காதே, ஆபத்து ஒன்றும் இல்லை என்றார். அக்கா பெருமையாக என்னைப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "கனவுக்குள்ளயே, இது கனவுன்னு தெரிஞ்சிக்கினே நடமாடுறது?" என்று கேட்டாள்.

"அதுவும் உண்டு. நிறைய பேருக்கு எப்பவாவது வரும். சில பேருக்கு அடிக்கடி வரும். நல்லாத் தூங்கி எந்திரிச்சா கவலைப்பட ஒண்ணும் இல்ல."

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. வெளியே வந்ததும், "அப்ப எனக்கு மட்டும் இல்லியா?" என்றாள். தனக்கு மட்டும் தெரிந்த இடத்தில் வேறு யாரோ வலை போட்டுவிட்டது போல, அந்த ஷிஃப்ட் முழுக்க உர்ரென்று டேப் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குத்தான் கை விஷயம் எனக்குத் தெரிந்தது. அக்கா பழவேற்காட்டு ஏரிக்காரி. சின்ன வயதில் ஏரிச் சேற்றில் கையால் இறால் தடவும்போது கெளுத்தி மீன் குத்தி, முள் உள்ளேயே ஒடிந்துவிட்டது. பாதியை எடுத்தார்கள். மீதி உள்ளேயே தங்கி, மேலே தோல் மூடிவிட்டது. தொட்டால் ஒன்றும் தெரியாது. அழுத்தினால் முழங்கை வரைக்கும் சுருக்கென்று ஏறும்.

"கனவுல இது வலிக்காதுடி. அமுக்கினா பஞ்சு மாரி உள்ள போவும். பகல்ல சும்மா சும்மா அமுக்கிப் பழகிட்டனா, கனவுலயும் கை தானா அமுக்கும். வலிச்சா கம்பெனி. வலிக்கலைன்னா கனவு."

இது அவளுடைய வாக்கியமாகவே ஆகிவிட்டது. லைனில் யாராவது தூங்கி வழிந்தால், பக்கத்தில் போய்க் கிள்ளிவிட்டு, "வலிக்குதா? அப்ப கம்பெனிதான். கனெக்டரைச் சொருவு" என்பாள். சில நாள் அவளே ஏமாந்துபோவாள். எழுந்து, பல் விளக்கி, சாப்பிட்டு, பஸ் ஏறி, லைனில் நின்று டேப்பை எடுக்கும்போது கையை அமுக்கிப் பார்த்தால் வலிக்காது. உடனே முழிப்பு வந்து பாயில் கிடப்பாள். "இன்னிக்கி ரெண்டு வாட்டி பல்லு வெளக்கிட்டேன், ஒரே பேஜாரு" என்று புலம்பிக்கொண்டு மறுபடி பிரஷ்ஷை எடுப்பாள்.

கனவென்று தெரிந்துவிட்டால் அங்கே நம் இஷ்டம்தானே என்று எனக்கு ஆசையாக இருந்தது. பறக்கலாம். சூப்பர்வைசரை நாலு சாத்துச் சாத்தலாம். "நீ இன்னாக்கா பண்ணுவ?" என்று கேட்டேன்.

"ஊருக்குப் போவேன்."

"அவ்ளோதானா? பறந்தா?"

"பறந்து எப்படிப் போறது? எங்க ஊருக்குப் போட்டுலதான் போவணும்."

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னாள். கனவென்று தெரிந்த உடனே சந்தோஷப்பட்டுவிடக் கூடாதாம். சந்தோஷப்பட்டால் விழிப்பு வந்துவிடும். இரண்டு உள்ளங்கையையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருந்தால் கனவு கலையாமல் நிற்கும். ஏரிக்கரைக்குப் போக வேண்டும். படகில் ஏறி, கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு, அக்கரைக் குப்பத்தில் இறங்கி, நடந்து, ஒரு வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். ஒரு சின்னப் பெண் கதவைத் திறக்கும். முன்பல் இரண்டும் விழுந்திருக்கும். அம்மா என்று சிரிக்கும்.

"அப்பால?"

"அப்பால ஒண்ணும் இல்ல. பார்த்துகினே நிப்பேன். தொடக் கூடாதுடி. தொட்டா முழிச்சிப்பேன்."

அந்தச் சமயத்தில் அவள் கையில் என் சுடிதார் இருந்தது. பிழிந்ததையே மறுபடி மறுபடி பிழிந்துகொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அவள் கதையை அவள் வரிசையாகச் சொன்னதில்லை. ஒரு நாள் இது, ஒரு நாள் அது. நான் சேர்த்துக்கொண்டது இவ்வளவு. அவர்கள் ஊரில் யார் எந்த நாளில் ஏரியின் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதற்கு ஒரு முறை உண்டு. பாடு என்பார்கள். பாடு ஆண்கள் பெயரில்தான் இருக்கும். "பாப்பாவோட நைனா" என்று அவள் சொல்லும் கணவர் காய்ச்சலில் இறந்ததும், அவர் பாடு அவர் தம்பிக்குப் போனது. அதை மகளுக்காக எழுதி வையுங்கள், யாரையாவது வைத்து நான் வலை போட்டுக்கொள்கிறேன் என்று அக்கா ஊர்க்கூட்டத்தில் ஆண்களுக்கு நடுவே போய் நின்றிருக்கிறாள். சிரித்திருக்கிறார்கள். இவள் குனிந்து இரண்டு கை நிறைய மண்ணை வாரித் தூற்றி, "இந்த ஏரி வத்திப் போவட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

அந்த வருஷம் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணல் மூடிப்போனது. தண்ணீர் இறங்கியது. மீன் இல்லை. அது அவ்வப்போது நடப்பதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இவள் வாய்தான் ஏரியைக் குடித்துவிட்டது என்றார்கள். ஊரை விட்டுப் போ என்றார்கள். பெண்ணை மாமியார் பிடித்து வைத்துக்கொண்டாள்.

"நீயும் அத நம்புறியாக்கா?" என்று ஒரு முறை கேட்டேன்.

"ஏரி என் பேச்சைக் கேட்டு வத்துமா? நம்பல." உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "ஆனா மண்ணை வாரினது நான்தானே" என்றாள்.

பொங்கலுக்குப் பாவாடை சட்டை எடுத்து, பொன்னேரி மார்க்கெட்டுக்கு மீன் விற்க வரும் ஊர்க்காரி ஒருத்தியிடம் கொடுத்து அனுப்புவாள். அது போய்ச் சேர்ந்ததா, பாப்பா உடுத்தினாளா என்று கேட்கமாட்டாள். அந்த மீன்காரியும் சொல்லமாட்டாள். அளவு தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பெண்பிள்ளைகளை நிறுத்தி, எத்தனையாவது படிக்கிறாய் என்று கேட்டுத் தன் பக்கத்தில் நிற்க வைத்துப் பார்ப்பாள். தோள் உயரம், காது உயரம் என்று மனத்தில் குறித்துக்கொள்வாள். அந்தப் பிள்ளைகள் பயந்து ஓடும். இவ்வளவு கணக்குப் பார்க்கிறவளுக்குக் கனவில் மட்டும் பாப்பா வளரவே இல்லை. எப்போது போனாலும் முன்பல் விழுந்த அதே முகம். "நமக்குத் தெரியாதத கனவு எங்கேருந்து எடுத்துக் காட்டும்?" என்பாள். குறையாகச் சொன்னது போலவும் இருக்காது, ஆறுதலாகச் சொன்னது போலவும் இருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் அடுத்த ஷிஃப்டுக்கு ஆள் வராததால் எங்களைக் கூடுதல் நேரம் நிறுத்திவைத்து, அதற்கு மேல் நைட்டும் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். காலை பஸ்ஸில் ஏறியதும் எல்லோரும் சாய்ந்துவிட்டோம். அக்கா எனக்குப் பின் சீட்டில், இடது கையின் மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். புதுவாயலில் இறங்கினேன், அவள் பின்னால் வருகிறாள் என்று நினைத்து அறைக்குப் போய் விழுந்தேன். மதியம் எழுந்து பார்த்தால் அவள் பாய் சுருட்டியபடியே இருந்தது. ஜன்னலில் அட்டை இல்லை. வெயில் முகத்தில் அடிக்க அடிக்கத் தூங்கியிருக்கிறேன். கம்பெனி, பஸ் டிரைவர், பெட்டிக்கடை என்று விசாரித்து அலைந்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தாள். காலில் ஏரிச் சேறு காய்ந்து வெள்ளையாக இருந்தது. உட்கார்ந்தாள்.

"ஊருக்குப் போயிட்டேன்டி."

"கனவுலயா?"

"அப்படி நெனச்சிக்கினுதான் போனேன்."

பஸ் நின்ற குலுக்கலில் எழுந்திருக்கிறாள். பழக்கத்தில் கையை அமுக்கியிருக்கிறாள். வலிக்கவில்லை. தலையின் பாரத்தில் கை மரத்துப்போயிருந்தது. அவளுக்கு அது தோன்றவில்லை. வலிக்கலைன்னா கனவு. இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டு, சந்தோஷப்படாமல் மெதுவாக இறங்கி, பொன்னேரி ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "கனவுல ஷேர் ஆட்டோக்காரன் சில்லறை கேப்பானாக்கா?"

"கேட்டான்."

"அப்பவே தெரியலியா?"

"நீ கேளு முழுசா."

பழவேற்காடு பஸ். பிறகு படகு. அக்கரையில் இறங்கித் தெருவழியாக நடந்தாள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கனவில் இவளை யாரும் பார்க்கமாட்டார்கள், அன்றைக்குப் பார்த்தார்கள். அதையும் இவள் பொருட்படுத்தவில்லை. தலையைக் குனியாமல் நடந்தாள். எவனும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போய்க் கதவைத் தட்டினாள்.

"கதவு தொறந்திச்சி. யாரோ ஒரு பொண்ணு நிக்குது. என் ஒசரம். யாருடா இதுன்னு பார்க்கறேன். யாரு வேணும்னு கேக்குது. கேக்கும்போதுதான் பார்த்தேன்." அக்கா தன் முன்பற்களை விரலால் தொட்டுக் காட்டினாள். "பல்லு மொளச்சிருந்திச்சிடி."

நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பாவாடை நான் அனுப்பினதுதான். கீழ வேற துணி வச்சித் தச்சி எறக்கியிருந்திச்சி. அளவு பத்தல எனக்கு. அத்தினி பேரை நிக்க வச்சிப் பார்த்தும் பத்தல."

"அப்பதான் தெரிஞ்சுதா, கனவு இல்லன்னு?"

"கனவுக்கு அந்தத் துணி எப்படித் தெரியும்?"

"கட்டிப் புடிச்சிக்கினியா?"

"தொட்டா முழிச்சிப்பேன்னு கை வரல."

"நெஜம்னு தெரிஞ்சப்புறமுமா?"

"தெரிஞ்சப்புறம்தான்டி" என்றாள். அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். யார் வேணும் என்று கேட்ட மகளிடம், தண்ணீர் வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. குடித்துவிட்டுச் சொம்பைத் திண்ணையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்து வந்துவிட்டாள். மாமியார் உள்ளேயிருந்து "யாரு பாப்பா?" என்று கேட்டதும், "யாரோ, தாகமாம்" என்று அது சொன்னதும் முதுகுக்குப் பின்னால் கேட்டதாம்.

அவள் அழுது ஓய்ந்த பிறகு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. என் குணம் அப்படி. "கை மரத்துப்போனா எம்மா நேரம்க்கா மரத்திருக்கும்? பழவேற்காடு வரைக்குமா? போட்டுல ஏறுற வரைக்குமா?"

அக்கா மூக்கைச் சிந்திவிட்டு என்னைப் பார்த்தாள். லேசாகச் சிரித்த மாதிரிகூட இருந்தது. "நான் மறுபடி அமுக்கிப் பார்க்கவே இல்லடி" என்றாள்.

அதன் பிறகு அவள் தூக்கம் கெட்டுப்போனது. முன்பு போலவே தலை வாரிப் படுப்பாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். கனவு வருகிறது, படகு வருகிறது, கதவும் திறக்கிறது. "சின்னது வரமாட்டேங்குதுடி. பெருசு வந்து யாரு வேணும்னு கேக்குது. எப்பப் போனாலும் அதையேதான் கேக்குது."

"நீ இன்னா சொல்ற?"

"தண்ணி வேணும்னு. கனவுலயும் அதையேதான் சொல்றேன். கேவலமா இல்ல?"

இத்தனை வருஷம் அவளைப் பிழைக்க வைத்த குழந்தை அது. அவளே போய் அதை இழந்துவிட்டு வந்திருந்தாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. பாவமாக இருந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். "கனவுல அதுகிட்ட இன்னாத்துக்கு சொல்லிகினு கீற? நேர்ல போய்ச் சொல்லு, நான் உங்கம்மான்னு."

"அடிச்சித் தொரத்துவாங்க."

"அன்னிக்கி தொரத்தலியே?"

"அன்னிக்கி நான் பயப்படல. கனவுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"அப்ப உன்னை உள்ள உடாதது அவங்க இல்ல. உன் பயம்தான் உடல."

நான் சொன்னது அவ்வளவு சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அங்கே போய் அவள் அடி வாங்கியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? ஆனால் சொல்லிவிட்டேன். அக்கா எழுந்து போய் ஜன்னல் அட்டையைச் சரிசெய்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

மழை விட்ட ஒரு காலையில், ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்த தெளிந்த முகத்தோடு, பையைக் கட்டினாள். கம்பெனியில் முந்தின நாளே சொல்லிவிட்டாளாம், எனக்குத்தான் சொல்லவில்லை. மேம்பாலத்துக்குக் கீழே ஷேர் ஆட்டோ நிற்கிற இடம் வரைக்கும் நானும் போனேன். நல்ல புடவை, தலை நிறையப் பூ. பையில் பாவாடைத் துணி ஒன்று இருந்தது, தைக்காமல். "இந்தத் தபா ஆளை நிக்க வச்சி அளவு எடுத்துக்கறேன்" என்றாள்.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் கட்டைவிரலை உள்ளங்கையில் வைத்து, நான் பார்க்கும்படி நன்றாக அழுத்தினாள். முகம் சுளித்தது.

"வலிக்குதுடி."

"அப்ப போவாத" என்றேன். பாதி விளையாட்டு. பாதி இல்லை. அந்த அறையில் அவள் இல்லாத மத்தியானங்களை நினைத்து ஆட்டோக் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"வலிக்குது, அதான் போறேன்" என்றாள். ஆட்டோ கிளம்பிவிட்டது.

போனவள் வரவில்லை. போன் அடித்தால் அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. பிறகு அந்த நம்பரே இல்லை என்றது. எனக்குக் கெட்ட கெட்ட கனவாக வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்கே போனேன். ஏரிக்கு அந்தப் பக்கம் எத்தனையோ குப்பங்கள். அவள் தன் ஊரின் பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை. எங்க ஊரு, எங்க ஊரு என்றுதான் சொல்வாள். மண்ணை வாரித் தூற்றிய வாயால் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்று இருந்தாளோ என்னவோ. பாவாடை வாங்கிப்போகும் அந்த மீன்காரி யாரென்றும் எனக்குத் தெரியாது. கரையில் நின்று கழி ஊன்றிப் போகிற படகுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

அதற்கடுத்த பொங்கல் சமயம் டே ஷிஃப்ட் முடிந்து வந்தேன். படியிலேயே வாசனை அடித்தது. வீட்டுக்கார அம்மா ஒரு பை காய்ந்த இறாலை எடுத்து நீட்டினாள். "உனக்குத்தான். ஒரு பொண்ணு வந்து குடுத்துட்டுப் போச்சி. அம்மா குடுத்தனுப்பிச்சாங்கன்னு சொல்லிச்சி. கூட ஒரு பெரிய பையன், சித்தப்பா மவனாம். பஸ்ஸுக்கு நேரமாவுதுன்னு நிக்கல."

அம்மா குடுத்தனுப்பிச்சாங்க. அந்த வார்த்தையை அந்த அம்மாவை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

"ஒசரமா?"

"நல்லா ஒசரம்."

"பல்லு எப்படி இருந்திச்சி?"

"பல்லா?" வீட்டுக்கார அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பல்லெல்லாம் நல்லாத்தான் கீது. இன்னாத்துக்கு, யாருக்காவது பொண்ணு பார்க்கறியா?"

மாடிக்குப் போய் அந்தப் பையைக் கட்டிக்கொண்டு அழுதேன். அறை முழுக்க இறால் நாற்றம் என்று மற்றப் பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். அழுது முடித்துவிட்டு அவர்களோடு நன்றாகச் சண்டை போட்டேன்.

இப்போது நான் சோழவரத்தில் இருக்கிறேன். களைத்துப்போய் உட்கார்ந்தவர்கள் யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் கல்யாணமும் ஆகிவிட்டது. பகல் வேலை. ராத்திரியில்தான் தூங்குகிறேன். அமுக்குவான் வருவதில்லை. நர்ஸ் பார்த்தால் சந்தோஷப்படுவார்.

ஆனால் விடிகிற சமயத்தில் எப்போதாவது அந்த அறை வரும். ஜன்னலில் அட்டை, சுவரில் வெளிச்சப் பொட்டு. அக்கா தலை வாரிக்கொண்டிருப்பாள். ஒரு முடிகூட நரைத்திருக்காது. அவளைப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிவிட்டது; இந்நேரம் அவளுக்கு நரைத்திருக்க வேண்டும், கண்ணாடிகூடப் போட்டிருக்கலாம், பேரன் பேத்தியைத் தூக்கிக்கொண்டிருக்கலாம். எனக்குத் தெரியாததைக் கனவு எங்கேயிருந்து எடுத்துக் காட்டும்? என்னைக் கெளுத்தி குத்தியதில்லை. எனக்குக் கையை அமுக்கவே வேண்டாம். அக்கா அன்றைய முகத்தோடு வந்து நின்றாலே அது கனவென்று தெரிந்துவிடும். ஒரு முறையாவது அவள் நரைத்த தலையோடு வந்து கதவைத் தட்ட மாட்டாளா என்று இருக்கிறது. யாரு வேணும் என்று கேட்கமாட்டேன்.

கனவில் வருகிறவள் என் பக்கத்துப் பாயில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே இடது கையை என் முன்னால் நீட்டுவாள். அமுக்கிப் பாரேன்டி என்பாள். நான் இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டு, சந்தோஷப்படாமல், அவளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.